கடலை விளையும் ஊரில் பாமாயில் சட்டி! மாரடைப்புக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய் மட்டுந்தான் குற்றவாளியா?

அரியலூர்,

நிலக்கடலையும் எள்ளும் முந்திரியும் விளைகிற பூமி அரியலூர், பெரம்பலூர் வட்டாரம். ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு அடுப்பில் காய்வது கடல் கடந்து வந்த பாமாயில்!

ஜெயங்கொண்டம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடலை வந்து இறங்குகிறது. அதை விற்றுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் விவசாயி, வழியில் ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் அதைப்போலப் பல மடங்கு. கைக்காசு பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்?

"அந்த பாமாயில்தாங்க எல்லாருக்கும் நெஞ்சுவலியைக் கொண்டாருது" என்று டீக்கடை பெஞ்சில் ஒருவர் சொன்னால், "சர்க்கரையும் அதாலதானே அண்ணே வருது" என்று பக்கத்தில் இருப்பவர் ஒத்துப் பாடுகிறார். இரண்டு பேர் கையிலும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ!

அவர்கள் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து. அதை நம்பி எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, "இனி நமக்கு ஒண்ணும் வராது" என்று இருந்துவிடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பாமாயில் வந்த கதை

1994-ம் ஆண்டு மத்திய அரசு பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகு இந்தோனேசியா, மலேசியா எண்ணெய் கப்பல் கப்பலாக வந்தது. இன்றைக்கு இந்தியா சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

தமிழ்நாட்டில் 2007-ம் ஆண்டு சிறப்புப் பொது வினியோகத் திட்டம் தொடங்கியது. துவரம் பருப்புடன் பாமாயிலும் ரேஷன் கடைக்கு வந்தது. விலைவாசி ஏறிக் கிடந்த நேரம். ஏழைகளுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது.

ஓட்டல்காரர்களுக்கும் இந்த எண்ணெய் மேல் ஒரு மோகம் உண்டு. விலை குறைவு. பலமுறை காய்ந்தாலும் மற்ற எண்ணெய் போலச் சீக்கிரம் கெட்டு வாடை அடிக்காது. வடை மொறுமொறு என்று இருக்கும்.

"நம்ம ஊர்க் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் ரேஷனில் கொடுங்கள்" என்று விவசாயிகள் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற முறையில் அது நியாயமான கோரிக்கை. ஆனால் இதயத்துக்கு நல்லது என்று சொல்லி மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் கணக்கு உதைக்கும். அது ஏன்?

100 கிராமில் எவ்வளவு?

கொழுப்பில் பல சாதி உண்டு. குளிரில் உறைந்து போகும் சாதிக்கு நிறைவுற்ற கொழுப்பு என்று பெயர். இதுதான் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுகிறது.

100 கிராம் பாமாயிலில் இந்த வகைக் கொழுப்பு 40 கிராமுக்கு மேல். நெய்யில் 60 கிராமுக்கு மேல். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90! கடலை எண்ணெயில் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். நல்லெண்ணெயில் 15 கிராம் அளவுதான்.

கல்லீரலில் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகப் போனால் இந்தக் கொக்கிகள் குறைந்துவிடும். பிடிக்க ஆள் இல்லாத கொலஸ்ட்ரால் ரத்தத்திலேயே சுற்றும். சுற்றிச் சுற்றி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவரில் படியும். படிந்தது ஒரு நாள் வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் கட்டி, குழாய் அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு.

ஆகவே டீக்கடைப் பேச்சில் நெஞ்சுவலி பற்றிய பங்கு சரி. கடலை எண்ணெயோடு ஒப்பிட்டால் பாமாயில் இதயத்துக்கு மட்டமான எண்ணெய்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரேஷனில் கிடைப்பது கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர். வீட்டில் நாலு பேர் என்றால் ஆளுக்குக் கால் லிட்டர். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதில் பாதிதான் ரேஷன் எண்ணெய். அந்த ஒரு பாக்கெட் மட்டுமே இத்தனை பேரைக் கொல்லும் என்றால் நம்பும்படியாக இல்லை. மீதி எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெயே இல்லாமல் தட்டில் வந்து விழுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

மொரீஷியஸ் தீவில் நடந்தது

ரேஷன் எண்ணெயை மாற்றிப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அதுவும் நம்ம ஆட்கள் வாழும் நாடு!

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரீஷியஸ் தீவு. கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன இந்தியர்களின் வழிவந்தவர்களே அங்கே பெரும்பான்மை. அவர்களில் தமிழர்களும் உண்டு. அங்கேயும் ஏழை ஜனங்கள் வாங்குவதற்கு "ரேஷன் எண்ணெய்" இருந்தது. அதில் பெரும்பங்கு பாமாயில்.

1987-ம் ஆண்டு அங்கே ஜனங்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் தாறுமாறாக இருந்தன. அரசாங்கம் சட்டம் போட்டு, ரேஷன் எண்ணெயில் பாமாயிலை எடுத்துவிட்டு சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 1992-ல் மறுபடியும் பரிசோதனை. ஜனங்களின் சராசரி கொலஸ்ட்ரால் 213 மில்லிகிராம் அளவில் இருந்து 182 அளவுக்கு இறங்கியிருந்தது! ஒரு ஆள் மாத்திரை சாப்பிட்டு இறங்கியது அல்ல. ஒரு நாட்டுக்கே இறங்கியது. பத்தியம் இருக்கச் சொல்லி யாரும் வீடு வீடாகக் கெஞ்சவில்லை. கடையில் இருந்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான். இந்த ஆய்வு லண்டன் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்து பேர் பெற்றது.

ஆனால் சர்க்கரை?

அது அசையவில்லை. ஜனங்களின் உடம்பு முன்னைவிடப் பருத்திருந்தது. எண்ணெய் மாறியதில் இதயத்துக்கு லாபம். சர்க்கரை வியாதி இருந்த இடத்திலேயே இருந்தது.

டீக்கடைப் பேச்சின் மீதிப் பாதி இங்கேதான் அடிபட்டுப் போகிறது.

தட்டில் சோற்று மலை

சர்க்கரைக்கு முதல் குற்றவாளி யார்? நம்ம தட்டில் குவிந்து கிடக்கும் வெள்ளைச் சோறு.

சொன்னால் கோபம் வரும். "எங்க அப்பாரும் சோறுதான் தின்னாரு, தொண்ணூறு வயசு இருந்தாரு" என்பார்கள். அப்பாரு தின்னது இந்தச் சோறு அல்ல. அவர் காலத்தில் இந்த மானாவாரிக் காட்டில் வரகும் கம்பும் சோளமும் விளைந்தன. தவிடு போகாத அந்தத் தானியத்தைக் கூழாகவும் களியாகவும் தின்றார். நெல்லுச்சோறு என்பது பல வீடுகளில் தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்தால் என்ற கணக்கு. தின்றதை எரிக்கக் கமலை இறைத்தார், வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

இன்றைக்குப் பெரம்பலூர் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. காட்டில் வேலை டிராக்டருக்கு. ரேஷன் அரிசி 2011 ஜூன் மாதம் முதல் இலவசம். அந்த அரிசி பட்டினியை விரட்டியது என்பது சத்தியம். பட்டினி போன வீட்டில் அதே அரிசி மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று வந்து உட்கார்ந்ததில்தான் சிக்கல்.

தீட்டிய அரிசியில் மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. வயிற்றில் போனதும் சீக்கிரமாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். அதை இறக்கக் கணையம் இன்சுலினைக் கொட்டும். நாளுக்கு மூன்று முறை, வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டிக் கணையம் களைத்துப் போகும். மிஞ்சிய சர்க்கரை என்ன ஆகும்? கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும். டிரைகிளிசரைடு என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதியிருப்பது அதுதான். வாயில் போட்டது எண்ணெய் இல்லாத சோறு. ரத்தத்தில் மிதப்பது கொழுப்பு!

சோறு பற்றி 21 நாடுகளில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2020-ல் வெளிவந்தது. சென்னை டாக்டர்களும் அதில் பங்கு பெற்றார்கள். தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச்சோறு சாப்பிடுகிறவர்களையும் 150 கிராமுக்குள் சாப்பிடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். தெற்கு ஆசியாவில், அதாவது நம்ம பக்கத்தில், நிறையச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து 61 சதவீதம் அதிகமாக இருந்தது.

450 கிராம் என்பது வடித்த சோற்றின் எடை. நம்ம ஊர் மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்குகிறவர் ஒரே வேளையில் அதைத் தொட்டுவிடுவார்.

இந்தியா முழுவதும் நடந்த கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். அதே ஆராய்ச்சிக் குழு 2025-ல் இன்னொரு கணக்கையும் வெளியிட்டது. இந்தியர் உடம்புக்குப் போகும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறதாம்.

ரோட்டோரப் பரோட்டா

வீட்டு எண்ணெய்க்குக் கணக்கு உண்டு. வெளியே தின்னும் எண்ணெய்க்குக் கணக்கு ஏது?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டும்போது ராத்திரி பூராவும் தோசைக்கல் ஓசைதான். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்டு ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவருக்கு நேரமில்லை. இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்.

மைதாவில் தவிடும் இல்லை, நாரும் இல்லை. அதைப் பிசைய எண்ணெய், அடிக்க எண்ணெய், கல்லில் போட எண்ணெய். ராத்திரி பதினோரு மணிக்குத் தின்றுவிட்டு, விடியும் வரை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தே இருக்க வேண்டும். சோற்று மலையும் எண்ணெய்ச் சட்டியும் ஒன்றாகச் சேருவது இந்த ஒரே தட்டில்தான்.

பஜ்ஜிக் கடைச் சட்டி இன்னொரு கதை. நேற்றைய எண்ணெயில் இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றி, இன்றைய மிச்சத்தில் நாளைக்கு ஊற்றி, சட்டி காலியாவதே கிடையாது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் நச்சுப் பொருட்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. அளந்து பார்க்கும் கருவியோடு பஜ்ஜி தின்னப் போகிறவர் யாரும் இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, கெட்டியாகத் தெரிந்தால் அடுத்த கடைக்கு நடப்பது உத்தமம்.

வனஸ்பதியில் இருந்த 'டிரான்ஸ்' கொழுப்பு எல்லாவற்றிலும் மோசம். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் அரசாங்கத்தைப் பாராட்டலாம்.

செக்கு மாயம்

இப்போது ஊருக்கு ஊர் மரச்செக்கு. "சுத்தமான எண்ணெய், கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போர்டு.

கொலஸ்ட்ரால் என்பது ஆடு, மாடு, கோழி, முட்டை, பால் போன்றவற்றில் இருப்பது. தாவர எண்ணெயில் அது சொல்லும்படியாகக் கிடையாது. அந்தக் கணக்கில் பாமாயிலும் "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்"தான்! செக்கில் ஆட்டினால் வாசனை நிற்கும், சில சத்துகள் மிஞ்சும். கொழுப்பின் சாதி மாறாது. தேங்காய் எண்ணெயை மரச்செக்கில் ஆட்டினாலும் இரும்புச்செக்கில் ஆட்டினாலும் 90 தொண்ணூறுதான்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. "நல்லெண்ணெய்தானே" என்று குழிக்கரண்டியில் ஊற்றினால் தொப்பைக்கு நல்லெண்ணெய், பாமாயில் என்ற பேதம் தெரியாது.

இதேபோல இன்னொரு மாயம், சிறுதானியம். வரகும் கேழ்வரகும் தீட்டிய அரிசியைவிட மேல். ஆனால் அவையும் மாவுச்சத்துதான். கேழ்வரகுக் களி என்று இரண்டு உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். செட்டிகுளம் சின்ன வெங்காயத்தைப் பச்சையாகத் தின்றால் சர்க்கரை ஓடிவிடும் என்று யாராவது சொன்னால், வெங்காயத்தைத் தின்னலாம். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

முந்திரி தின்னலாமா?

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு. அங்கேயே "முந்திரி கொழுப்பு, சர்க்கரைக்காரங்க தொடக் கூடாது" என்று பேச்சு. பயம் அதிகம்.

சென்னையில் சர்க்கரை நோயாளிகள் 300 பேரை வைத்து ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 30 கிராம் உப்பு போடாத முந்திரி, 12 வாரம். உடம்பு எடை கூடவில்லை. சர்க்கரை ஏறவில்லை. நல்ல கொலஸ்ட்ரால் கூடியது, மேல் அளவு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. முடிவு 2018-ல் வெளியானது. 30 கிராம் என்பது ஒரு கைப்பிடி. நெய்யில் வறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டதற்கு இது பொருந்தாது!

முந்திரி விலை கட்டுப்படியாகாதவர்களுக்குக் கடலை இருக்கிறது. 100 கிராம் கடலையில் புரதம் மட்டும் 25 கிராம் அளவுக்கு உண்டு. ஒரு கை அவித்த கடலையைத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் மூன்றாவது தரம் சோறு வாங்கத் தோன்றாது. கடலையை விற்றுப் பாமாயில் வாங்குகிற வீட்டில், இரண்டு படி கடலையை நிறுத்திவைத்தால் சாப்பாட்டில் பாதி வழி திறந்துவிடும்.

மீதி வழி தட்டில். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல், பருப்பு, முடிந்தால் முட்டை, குழம்பு மீன். வறுவல் மீன் அல்ல. ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

ஜெயங்கொண்டம் பக்கம் தறி நெய்கிற குடும்பங்களும், கடையில் கல்லாவில் இருப்பவர்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் உட்கார்ந்தே பிழைக்கிறவர்கள். சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் நடந்தால் ஏறுகிற சர்க்கரை குறைவாக ஏறும். செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

வலி இல்லாத மாரடைப்பு

சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதைவிடக் கொடுமை, பலருக்கு நெஞ்சு வலிப்பதே இல்லை. நீண்டகாலச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிடுவதால் வலி தெரியாது.

திடீரென்று வியர்வை கொட்டும். மூச்சு வாங்கும். தாடையோ இடது கையோ முதுகோ கனக்கும். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் அடுப்படியில் நின்றபடியே தாங்கிக்கொள்கிறார்கள். "சும்மா இருங்க, உலை கொதிக்குது" என்கிற அம்மாவை இழுத்துக்கொண்டாவது போக வேண்டிய நேரம் அது.

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த அரசுக் கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகள் 100 பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 11 பேர்கூட இல்லை. அதன் பிறகுதான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டுக்கே வந்தது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி. 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓட வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

அறிகுறி தெரிந்தால் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகக் கூடாது. நடக்கவும் விடக் கூடாது. கூப்பிட வேண்டிய எண் 108.